எட்டு நிமிஷ ரஃபியுதீன்

"பந்தயத்துல தோத்தா வண்டிய வித்துடுறேன். ஜெயிச்சுட்டா, இந்தப் பேச்ச நீ ஆயுசுக்கும் எடுக்கக் கூடாது."

சிதம்பரத்தில் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ரஃபியுதீன் இப்படிப் பெண்சாதியிடம் வாக்குக் கொடுத்தார். போன வருஷம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, முட்டி பெயர்ந்து, இரண்டு மாதம் கட்டிலில் கிடந்த மனிதர். அஜீசுன்னிசா முட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"சரி மச்சான்" என்றாள்.

அவர் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. கடலூர் கடற்கரை மணலில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மூன்று வருஷமாகத் தில்லைநாதனே ஜெயித்துவந்தார். அவருடைய இஞ்சின் யானை. இரண்டாம் சுற்றிலேயே முடிவு தெரிந்துவிடும். ஜனங்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். டிக்கெட் விற்காமல் திண்டாடிய, பந்தயம் நடத்தும் கிளப் இந்த வருஷம் புது விதி போட்டது. மெதுவான வண்டியை முதலில் விடுவது, வேகமான வண்டியைக் கடைசியில் விடுவது. யாரை எத்தனை நிமிஷம் முன்னால் விடலாம் என்று செயலாளர் ஞானசேகரன் ஒவ்வொருவர் ஓட்டத்தையும் அளந்து முடிவு செய்வார்.

ரஃபியுதீனை அளக்க, புவனகிரிப் பாலத்திலிருந்து அவர் வீட்டு வாசல்வரை கடிகாரத்தோடு காரில் பின்தொடர்ந்தார் ஞானசேகரன். ரஃபியுதீன் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வந்து சேர்ந்தார்.

"எட்டு நிமிஷம். வண்டிக்கு வயசாச்சு பாய்."

"எனக்கும்தானே ஆச்சு" என்று முட்டியைத் தடவிக்கொண்டார் ரஃபியுதீன். உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. மூஞ்சி காட்டிக் கொடுத்துவிடுமோ என்று கிணற்றடிக்குக் கை கழுவப் போய்விட்டார். செயலாளருக்கு டீ கொடுத்தது அஜீசுன்னிசா.

பந்தய நாளன்று கரும்பலகையைப் பார்த்ததும் சிரிப்பு வற்றிப்போயிற்று. தில்லைநாதனுக்கு மூன்று நிமிஷம் முன்னால் விடுவார்கள் என்று நம்பியிருந்தார். ஒன்றரைதான் போட்டிருந்தது.

"என்ன ஞானசேகரன் இது?"

"எட்டு தப்புன்னு தெரிஞ்சுது பாய். ஆறுன்னு திருத்திட்டேன்."

"யார் சொன்னா?"

"நம்பிக்கையான எடம்."

சண்டை பிடிக்க வாயில்லை. அன்றைக்கு ஏன் ஊர்ந்தீர் என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

ஐந்து வண்டிகள். செம்மண்டலம் ராஜமாணிக்கத்தின் ஓட்டை வண்டி முதலில் கிளம்பியது, தில்லைநாதனின் யானை கடைசியில். ஒன்பது சுற்றுவரை ஒருவரை ஒருவர் துரத்தினார்கள். பத்தாவதான கடைசிச் சுற்றில் ரஃபியுதீன் தலையைத் திருப்பினார். இடப்பக்கம் ஒரு வண்டி. வலப்பக்கம் இரண்டு. முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ராஜமாணிக்கம். ஐந்து இஞ்சினும் சேர்ந்து போட்ட சத்தத்தில் கடல் ஊமையாகிவிட்டது. கரையில் அத்தனை ஜனமும் எழுந்து நின்றது. வாய்க்குக் கொண்டுபோன சுண்டல் பாதி வழியில் நின்றது. யார் ஜெயிப்பார் என்று அல்லாஹ்வைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ரஃபியுதீனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இருபது வருஷம் ஓட்டியும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஜெயிக்க வேண்டும் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று.

அந்த ஒரு கணத்தில் ராஜமாணிக்கம் அரைச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்.

கூட்டத்தில் குடையோடு நின்ற அஜீசுன்னிசாவிடம் வந்தார் ரஃபியுதீன்.

"ஆறுன்னு சொன்னது நீதானா?"

"நோம்பு சமயத்துல நீங்கதானே பீத்திக்கிட்டீங்க, பாலத்துலேருந்து ஆறே நிமிஷத்துல வந்து நோம்பு தொறந்தேன்னு? டீ குடிக்கையில செயலாளரு கேட்டப்ப நான் பொய் சொல்ல முடியுமா?"

"அப்ப என்னைத் தோக்கடிச்சது நீ."

"நான் சமமாத்தான் ஆக்குனேன் மச்சான். தோத்தது நீங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. கண்ணில் இன்னும் அந்த ஐந்து வண்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. "போவட்டும். அந்தக் கடைசிச் சுத்துல நான் வந்தத பாத்தியா?"

"நான் மட்டுமா பாத்தேன்? காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்காரரும் பாத்தாரு. இந்த வண்டிதான் வேணும்னு இப்பத்தான் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாரு."