சல்லியில் மீன்களைக் காப்பாற்றிய நாள்

உலகக் கடல்களில் இன்னமும் மீன் இருக்கிறதென்றால் அதற்கு நானும் ஒரு காரணம். அடக்கத்தினால் இதுவரை வெளியில் சொன்னதில்லை.

1998, ஆனி மாதம். 'வளங்காப்புப் பொருளாதார நிலைய'த்தின் கள அலுவலர் சோமசேகரமாகிய நான், கடலைப் பொறுப்போடு பேணுவது எப்படி என்று சல்லிக் கிராமத்துக் கரைவலைக்காரருக்குக் கற்பிக்கப் போனேன். எல்லோரும் ஒரே நாளில் வலை வளைக்காமல் முறை வைத்து வளைக்க வேண்டும் என்பது பாடம். கொழும்பில் எட்டு அறிஞர்கள் குளிரூட்டிய அறையில் ஆறு மாதம் யோசித்துக் கண்டுபிடித்தது.

யுத்த காலம். காலை ஆறு முதல் பத்து வரைதான் கடலில் இறங்க அனுமதி. சோதனைச்சாவடியில் வரிசை நீளுமுன் நான் நகரத்துக்குத் திரும்ப வேண்டும். ஆகவே செயலமர்வையும் ஆறு முதல் பத்து வரை வைத்தேன்.

மண்டப வாசலிலேயே தங்கத்துரை மறித்தார். அவருடைய வலையை நம்பி இருபது வீடுகளில் உலை வைக்கிறார்கள்.

"சேர், இண்டைக்கு என்ர பாடு."

"என்ன பாடு?"

"வலை வளைக்கிற முறை. இந்தக் கரையில ஒன்பது வலை. ஒரு நாளைக்கு ஒராள்தான். இண்டைக்கு விட்டா இனி ஒன்பது நாள். கடலைப் பாருங்கோ, சூடைமீன் கூட்டம் வந்து கறுத்துக் கிடக்கு."

"நாளைக்கு வளையுங்களேன்."

"நாளைக்குத் தம்பி கோணாமலையின்ர பாடு. நான் தொட ஏலாது."

"அப்படிச் சட்டம் இருக்கா?"

"சட்டமில்லை. அப்பிடிச் செய்யிறேல்லை."

சட்டமே இல்லாத ஒரு கடற்கரை. 'வள முகாமைத்துவம் எதுவும் இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதினேன். வரவுக் கையெழுத்து இல்லாதவரின் கடல் பாஸைப் புதுப்பிக்க எங்கள் நிலையம் சிபாரிசு செய்யாது என்பதையும் அன்போடு தெரிவித்தேன்.

தங்கத்துரை கதிரையில் அமர்ந்தார்.

முதலில் விளையாட்டு. ஒன்பது பேர், ஒரு வலை, எப்படிப் பகிர்வது? அரை மணி நேர விளையாட்டை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். வழிகாட்டி நூலில் அரை மணி என்று இருந்ததால் திரும்பத் திரும்ப விளையாட வைத்தேன்.

"சேர், மணி ஒன்பதாகுது," என்றார் கோணாமலை. "துரையண்ணனை மட்டும் விடுங்கோ. அவருக்கும் சேர்த்து நாங்கள் விளையாடுறம்."

"பங்கேற்பை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது."

பத்து மணிக்குச் சான்றிதழ் வழங்கினேன். தங்கத்துரை 'கடற் காவலர்' ஆனார். சான்றிதழைப் பிடித்தபடி, வடக்கே நகர்ந்துபோகும் கறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிலையத்தின் செலவில் சோறும் டின் மீனும். அந்த டின் பேணியை வெட்டிய தங்கத்துரையின் மனைவி வள்ளியம்மா கேட்டார்:

"தம்பி, இந்த மீனை முறை வைச்சுத்தான் பிடிச்சவையோ?"

நல்ல கேள்வி. பேணியில் எழுதியிருந்த பாஷைதான் எனக்கு விளங்கவில்லை.

அப்போது ஓர் அனர்த்தம். "அண்ணை, நாளைக்கு என்ர பாட்டில நீங்கள் வளையுங்கோ," என்றார் கோணாமலை. படித்த பாடத்தின் ஈரம் காயுமுன் முறை மீறல்! நாளை காலை ஆறு மணிக்கே இன்னொரு செயலமர்வு என்று அறிவித்தேன்.

எல்லோரும் கருத்துப் படிவங்களைத் தாங்களாகவே கேட்டு வாங்கி நிரப்பித் தந்தார்கள்.

அறிக்கை பிரமாதமாக அமைந்தது. அன்று சல்லியில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. அதைவிடப் பெருமை அந்தப் படிவங்கள். 'உங்கள் கடலை யாரிடமிருந்து காக்க வேண்டும்?' என்ற கேள்விக்கு ஒன்பது பேரும் ஒரே விடைதான் எழுதியிருந்தார்கள். இப்படி ஓர் ஒற்றுமையை நான் எந்தக் கிராமத்திலும் கண்டதில்லை.

என் பெயரைப் பதவியோடு எழுதியிருந்தார்கள். ஒரு பிழைகூட இல்லை.