போகச் சொன்னால் போகாத நெட்டும் என் கருக்கரிவாளும்

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய். நன்றாகத் தெரியும். கரண்ட் வயர் எது, டெலிபோன் வயர் எது என்று நிதானமாகப் பார்த்துத்தான் அறுத்தேன்.

அப்போது நீடாமங்கலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் வளைகுடாவில் இருந்தார். என் வீட்டுக்காரர் தேவராஜ் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமாகி ஒரு மாதம்தான் சேர்ந்திருந்தோம் (அதிலும் பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்து). பிறகு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கூப்பிடும் பத்து நிமிஷம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. மற்ற ஆறு நாளும் அதற்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன்.

மெயில் அனுப்பிக்கொள்ளலாம் என்று போகும்போது ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனார். நானும் அதில் பக்கத்து அரிசி மில்லுக்குப் பில் அடித்துக் கொடுத்துவந்தேன். விற்ற கடைக்காரன், “இது ஃப்ரீயா வருதுங்க மேடம்” என்று ஏதோ இன்டர்நெட் கம்பெனி சிடியைப் போட்டுவிட்டான். அன்றைக்குப் பிடித்தது சனி.

கம்ப்யூட்டரைப் போட்டால் போதும், நான் கேட்காமலே அது டயல் செய்யும். கீச்கீச்சென்று கத்தும். பிறகு ஒரு பெண் குரல், “வருக, வருக!” என்று கூவும். (என் வீட்டுக்கு என்னையே வரவேற்க இவள் யார்?) மூடினால் திறக்கும். நிறுத்தினால் மறுபடி டயல் செய்யும். இருப்பது ஒரே லைன். அது பேசிக்கொண்டிருந்தால் ஃபோன் எங்கேஜ்டு.

அறுவடை சமயம், மில்லில் பில் குவிந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை. நான் பில் அடித்துக்கொண்டே ஃபோன் மணிக்காகக் காத்திருந்தேன். மில் மெஷின் இரைச்சலில் அது டயல் செய்தது என் காதில் விழவில்லை. எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் அலியார் அண்ணன்தான் ஓடி வந்தார். “எஸ்தரு, தம்பி என் நம்பர்ல கூப்புடுறாரு. உங்க ஃபோன் ரெண்டு மணி நேரமா எங்கேஜ்டாம்!”

தெருவே பார்க்க ஓடினேன். எடுத்ததும் ஒரு ‘நல்லா இருக்கியா’ கூடக் கிடையாது. “யார்கிட்டடி அப்படி ரெண்டு மணி நேரப் பேச்சு?”

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது. “நெட்டுங்க” என்றேன்.

“நெட்டுல யாரு?”

பட்டென்று ரிசீவரை வைத்தேன். “அண்ணே, இனிமே அவரு கூப்புட்டா நான் இல்லன்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் போரைத் தொடங்கினேன்.

நீக்கு என்றேன். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. ஆமாம். ‘எங்களுக்கு வருத்தம்’ என்றது. உன் வருத்தத்தில் இடி விழ! கடைசியில், நீக்குவதற்கு இன்டர்நெட் இணைப்பு தேவை என்று சொல்லி மறுபடி டயல் செய்தது. வீட்டைக் காலி செய்யச் சொன்னால், நடுக்கூடத்தில் பாயை விரித்துப் படுக்கிறவனை என்ன செய்வது? கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். “வருக, வருக!”

லைனைத் துண்டித்து, அது மறுபடி டயல் செய்வதற்குள் கம்பெனிக்கே ஃபோன் போட்டேன். “மேடம், அது உங்களுக்கு ஒரு வசதி மேடம்” என்றான் ஒருவன்.

“உன் வசதியில என் குடித்தனம் போகுதுய்யா!”

“வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “யார்கிட்டடி கத்துற? என் மவன் கேட்டதுலயும் தப்பில்ல போலிருக்கே.”

அவ்வளவுதான். மூலையில் நெல் சாக்கில் செருகியிருந்த, கதிர் அறுக்கும் கருக்கரிவாளை உருவினேன். கடைக்காரன் கம்ப்யூட்டருக்குப் போகும் நெட் வயரையும் ஃபோன் வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தான். அறுத்தால் ஃபோனும் சாகும் என்று தெரியும். சாகட்டும். சந்தேகப்படுகிறவருக்கு ஃபோன் ஒரு கேடா? ஒரே இழுப்பு. வீடு கப்சிப் என்று ஆனது.

லைன்மேனைக் கூப்பிட வேண்டும் என்று அத்தை தினமும் முணுமுணுத்தார். நான் அசையவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, வீட்டு ஃபோன் செத்துக் கிடக்க, அவர் பூத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். அலியார் அண்ணன் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். “எஸ்தரு வீட்டுல இல்ல தம்பி” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் பயந்துபோய் வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் நான் முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் தேவராஜ். தாடி, கசங்கிய சட்டை, கையில் ஒரே ஒரு பை. எமர்ஜென்சி லீவு. ரயில்வே கேட் மூடியிருந்ததால் வண்டியை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்திருக்கிறார்.

“இருக்கியா?” என்றார். குரல் உடைந்துவிட்டது.

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது. “சந்தேகப்பட்டு வந்தீங்களா, பயந்து வந்தீங்களா? அதைச் சொல்லிட்டு உள்ள வாங்க!”

பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார் பாருங்கள், அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. “ஏறும்போது சந்தேகம்தான் எஸ்தர். இறங்குறப்ப பயம் மட்டும்தான் இருந்துச்சு” என்றார்.

உள்ளே விட்டேன். (பின்னே, என்ன செய்வது?)

மூன்று வாரம் இருந்தார். வயரை ஒட்டவைத்து, அந்த நெட்டை நீக்குகிறேன் என்று உட்கார்ந்து நாலு நாள் என்னைவிட மோசமாகத் திட்டினார். போகவில்லை. கடைக்காரன் வந்து எல்லாவற்றையும் அழித்துத்தான் அதைத் தொலைத்தான்.

பத்தாம் மாதம் மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்தன்று, பெயர் என்ன என்று ஐயர் கேட்டார் (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் சொல்வோம்). நான் வாய் திறப்பதற்குள் அத்தை, “அந்த நெட்டு கம்பெனி பேரையே வைங்க ஐயரே, அவன் புண்ணியத்துலதானே வந்துச்சு” என்றார். சபை முழுக்கச் சிரித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது மகளுக்கு வாய் அத்தையைவிட நீளம். வீட்டுக்கு வரும் புது ஆட்களிடமெல்லாம், “எங்கப்பா எங்கம்மாவைச் சந்தேகப்பட்டு ஃப்ளைட் புடிச்சு ஓடியாந்தாரு. நம்பியிருந்தாருன்னா நான் ஏது?” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு, யாரும் கேட்காத பாலை வாங்கக் கடைக்குக் கிளம்பிவிடுவார். நான் தடுப்பதில்லை.