எங்கள் ஆஸ்பத்திரியைப் பெண் பார்க்க வந்த கதை

786

சிப்பித்துறை,
ஒக்டோபர் 1966.

கண்ணியமிக்க பாராளுமன்ற உறுப்பினரும், என் கூடப்பிறந்த தங்கையின் மூத்த மகனுமாகிய மருமகன் தாஹிர் அவர்களுக்கு, சோடாக் கம்பனி மாமா சரீப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாமியும் நலம். மகள் அசனாவும், இன்ஷா அல்லாஹ் மார்கழியில் வரவிருக்கும் என் முதல் பேரப்பிள்ளையும் நலம். கம்பனி மெஷினும் நலம். நீங்களும் கொழும்பில் மழையில் நனையாமல், ஹோட்டல் சாப்பாட்டை அதிகம் நம்பாமல் நலமாக இருக்க துஆ செய்கிறோம். இனி எழுதப்போவதைக் கதிரையில் உட்கார்ந்து வாசியுங்கள். பக்கத்தில் வேறு எம்.பி.மார் இருந்தால் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு வாசியுங்கள்.

உங்கள் பேச்சு பேப்பரில் வந்த அன்று எங்கள் ஊரில் பெருநாள்தான். லாஞ்சிப் படகில் வந்த ஒரேயொரு பேப்பர் கை மாறிக் கை மாறி, என்னிடம் வரும்போது மீன் சுற்றிய தாள் மாதிரி ஆகியிருந்தது. "எங்கள் பகுதியில் வியாபாரம் நாளுக்கு நாள் வளர்கிறது, சிப்பித்துறையில் புடவைக்கடை இருக்கிறது, தளபாடக்கடை இருக்கிறது, சோடாத் தொழிற்சாலை இருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரியில் நாலு கட்டிலும் இரண்டு மெத்தையும்தான், டொக்டர் இல்லை, மாரி பிறந்தால் குடாவைத் தாண்டித் திருகோணமலைக்குப் போக லாஞ்சியும் ஓடாது" என்று முழங்கியிருந்தீர்கள். ஒரு மெஷினும் நானும் மட்டும் நிற்கிற என் பின்வளவுக் கொட்டிலைத் தொழிற்சாலை என்று சொன்ன முதல் மனிதர் நீங்கள்தான். அன்று முதல் உங்கள் மாமி என்னைத் தொழிலதிபர் என்று கூப்பிட்டுத்தான் கிணற்றில் தண்ணீர் அள்ளச் சொல்கிறார். கேலி கிடக்கட்டும். டொக்டர் விஷயத்தை வாசித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. போன மாரியில் வள்ளக்காரத் தவராசாவின் மனைவிக்கு நடுக்குடாவில், கொட்டுகிற மழையில், ஒரு படங்குத் துணிக்குக் கீழேதான் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளையை ஊரே கப்டன் என்று கூப்பிட்டுச் சிரிக்கிறது. நானும் சிரித்தவன்தான். இப்போது அசனாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கடல்தான் என் கண்ணில் தெரிகிறது. பயமாக இருக்கிறது, மருமகன்.

அமைச்சர் உங்களுக்குப் பதில் சொன்னாராமே, ஓர் அதிகாரியை அனுப்புகிறேன், ஊர் வளர்வதும் உண்மை, ஆஸ்பத்திரியில் குறை இருப்பதும் உண்மை என்று அவர் கண்டால் மாரிக்கு முன் டொக்டர் வருவார் என்று. நல்ல வார்த்தைதான். ஆனால் வியாழக்கிழமை அதிகாரி பார்க்க வருகிறார் என்று தந்தி வந்ததே, அந்தப் 'பார்க்க வருகிறார்' என்பதில்தான் எங்கள் ஊருக்குப் புத்தி பேதலித்துப் போனது. எங்கள் ஊருக்குத் தெரிந்த பார்க்க வருவது ஒன்றே ஒன்று, பெண் பார்க்க வருவது. வருகிறார்கள் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக் கதிரை வரும், எதிர்வீட்டு மேசை வரும், மூன்றாம் வீட்டுப் பீங்கான் வரும், அவர்கள் போனதும் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். அசனாவைப் பார்க்க வந்த அன்று கண்ணாடி வைத்த அலுமாரி தளபாடக்கடை அன்ஸாரிடமிருந்து வந்தது உங்களுக்குத் தெரியாததல்ல, நீங்களும்தானே ஒரு பக்கம் பிடித்தீர்கள். அவளுடைய மாமியார் இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து, "அந்த அலுமாரி எங்க மகள்?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

என் கொட்டிலில் கூட்டம் போட்டோம். புடவைக்கடைச் சோமசேகரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "சரீப் நானா, உங்கட மருமகன் வளர்ச்சி வளர்ச்சி எண்டு சொல்லிப்போட்டார். கொழும்புக்காரன் அதைக் கண்ணால கண்டானெண்டால் அடுத்த லாஞ்சியில வருமான வரிக்காரன் வந்து இறங்குவான். எனக்கு இப்பவே நெஞ்சு இடிக்குது. கடையை வெறுமையாக்கத்தான் வேணும்" என்றார். அன்ஸாருக்கு அதைவிடப் பெரிய கவலை. "நீங்க துணியைச் சுருட்டி ஒளிச்சுப்போடுவீங்க. நான் கட்டிலையும் மெத்தையையும் எங்க கொண்டுபோய் ஒளிக்கிற? மடியில செருகவா?" என்று கத்தினான். அப்போது குசினிக்குள்ளிருந்து உங்கள் மாமியின் குரல் வந்தது. "ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போடுங்களன்! அங்க இடம் சும்மாதானே கிடக்கு. கொழும்பிலயிருந்து வாற மனிசனுக்கு உடைஞ்ச கட்டிலையும் பிஞ்சுபோன மெத்தையையும் காட்டினா ஊர்ட மானம் என்னத்துக்கு ஆகும்?"

இரண்டு பிரச்சினையும் ஒரே அடியில் தீர்ந்தது என்று எல்லோரும் எழும்பி நின்று சந்தோஷப்பட்டோம். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிற பாக்கியரத்தினம் மட்டும், "ஆனால் நானா..." என்று இரண்டு தரம் வாயைத் திறந்தார். இரண்டு தரமும் மாமி பணியாரத் தட்டை நீட்ட, அவரும் எடுத்துக் கடித்துக்கொண்டார். அந்த உடைந்த கட்டிலைக் காட்டத்தானே அதிகாரியை வரவழைத்தோம் என்பது அத்தனை தலைகளில் ஒரு தலைக்குள்ளும் வரவில்லை. என் தலையும் அதில் ஒன்று. நீங்கள் இப்போது பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கிறது.

வியாழக்கிழமை காலை லாஞ்சியில் அதிகாரி வந்து இறங்கினார். பெயர் சிவகுருநாதன், வெள்ளைக் காற்சட்டை, சிரிக்காத முகம், நல்ல மனிதர். முதலில் கடைகளைப் பார்க்கவேண்டும் என்றார். சோமசேகரத்தின் புடவைக்கடையில் ஒரு சாரமும் இரண்டு துவாயும் தொங்கின, அவர் அதற்குக் கீழே மையத்து வீட்டில் துக்கம் காக்கிறவர் மாதிரி இருந்தார். வியாபாரம் எப்படி என்று கேட்டதற்கு, "ஐயா, மொய்க்கிற இலையான்கூட இப்ப உள்ளுக்கு வாறேல்லை" என்றார். அன்ஸாரின் தளபாடக்கடையில் ஒரு முக்காலி இருந்தது, அதையும் அவன் தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டான். என் தொழிற்சாலைக்கு வந்தார். மெஷினைச் சாக்கால் மூடி, மேலே கோழியையும் அடைகாக்க வைத்திருந்தேன். "இது எப்ப கடைசியா ஓடினது?" என்று கேட்டார். "அந்தக் கோழிக்குத்தான் தெரியும் ஐயா" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு ஆஸ்பத்திரி. மருமகன், நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கொழும்பில்கூட அப்படி ஓர் ஆஸ்பத்திரி இருக்காது. பன்னிரண்டு புதுக் கட்டில், பன்னிரண்டு புது மெத்தை, சோமசேகரத்தின் கடையிலிருந்த பூப்போட்ட விரிப்பு எல்லாம் கட்டிலுக்கு மேலே. நடுவில் அலுமாரி, அதே கண்ணாடி வைத்த அலுமாரிதான். தட்டு முழுக்க என் சோடாப் போத்தல்கள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வரிசையில் நின்றன. கட்டில் வெறுமையாக இருந்தால் அழகில்லை என்று மாமி துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நாட்டாமைக்காரர்களைக் கூட்டிவந்து படுக்கவைத்திருந்தார். அவர்கள் பிறந்த நாளிலிருந்து அப்படி மெத்தையைக் கண்டதில்லை, ஆதலால் நடிக்கத் தேவைப்படாமல் குறட்டை விட்டார்கள். விரிப்பில் ஒரு விலைத்துண்டு தொங்கியதை அதிகாரி பிடித்துப் பார்த்தார். "அது கட்டில் இலக்கம் ஐயா" என்றார் பாக்கியரத்தினம். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. அதிகாரி அடுத்து ஒரு மஞ்சள் போத்தலை எடுத்து அதன் வாயிலிருந்த கண்ணாடிக் குண்டை அமுக்கினார். அது 'புஸ்' என்று பொங்கி அவர் சட்டையில் பாய்ந்தது.

"இதென்ன ஐசே, மருந்து சத்தம் போடுது?"

"அது... அது வாயுவுக்குக் குடுக்கிறது ஐயா."

அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாயும் குடித்தார். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். "கெட்டித்தனமான மருந்து" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

பகல் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். புரியாணி, நண்டுக்கறி, இறால் பொரியல், கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். போதும் போதும் என்று அவர் கையால் மறைக்க மறைக்க மாமி விரலுக்கு இடையால் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு அவர் சொன்னார்: "உங்கட எம்.பி. எல்லாத்தையும் தலைகீழாச் சொல்லியிருக்கிறார். இந்த ஊரில வியாபாரம் செத்துப்போய்க் கிடக்கு. ஆஸ்பத்திரி எண்டால் அரண்மனை. ஆஸ்பத்திரியே இல்லாத ஊர்கள் எத்தினை இருக்கு, இஞ்ச ஒரு டொக்டரைப் போடுறது அநியாயம். கட்டில்லயும் பாதியை வேற இடத்துக்கு மாத்தச் சொல்லி எழுதப்போறன்." அன்ஸார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் கட்டில் ஞாபகம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் அசனா நின்றுகொண்டிருந்தாள். அதிகாரி லாஞ்சிக்குப் போனபிறகு என்னிடம் வந்து, "அப்ப டொக்டர் வரமாட்டாரா வாப்பா?" என்று மட்டும் கேட்டாள். கோபப்படவில்லை, அழவுமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கொட்டிலுக்குப் போய்க் கோழியைத் துரத்திவிட்டு, சாக்கை எடுத்துவிட்டு, அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆகையால் மருமகன், அந்த மனிதருடைய அறிக்கை அமைச்சர் கைக்குப் போகுமுன் நீங்கள் பாராளுமன்றத்தில் எழும்பி, சிப்பித்துறை மக்கள் எல்லோருக்கும் புத்தி சுவாதீனமில்லை, அதற்கே தனியாக ஒரு டொக்டர் தேவை என்று சொல்லுங்கள். சாட்சிக்கு என் பெயரைச் சொல்லுங்கள். நான் கொழும்புக்கு வந்து எந்தப் படியிலும் நிற்கிறேன். அதுவும் சரிவராவிட்டால் இனி எங்கள் ஊரின் பெயரையே அங்கே எடுக்காதீர்கள், நாங்கள் பிழைத்துப்போகிறோம். அசனாவை மட்டும் கார்த்திகை பிறக்குமுன் திருகோணமலையில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் விடுவதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், பேச எழும்பும்போது நல்ல குரலையும், அடுத்த தேர்தலில் எங்கள் ஊர் வாக்கையும் தருவானாக. மாமியின் ஸலாம். அசனாவின் ஸலாம். சோமசேகரம், அன்ஸார் இருவரும் வெட்கத்தால் ஸலாம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
மு. சரீப்
(தொழிலதிபர் என்று எழுத மனம் வரவில்லை)

பிற்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்யவேண்டாம். பாராளுமன்றத்தில் எழும்பவேண்டாம், எழும்பியிருந்தால் உட்காருங்கள். லாஞ்சி பழுதானதால் தபால் போகாமல் இந்தக் கடிதம் என் கையிலேயே கிடந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று. அதிகாரி ஏறிய லாஞ்சி குடாவில் பாதிதூரம் போய் இயந்திரம் நின்று, தவராசாவின் வள்ளந்தான் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது. புரியாணியும் நண்டும் வட்டிலப்பமும் அலையும் சேர்ந்து மனிதரை இரண்டாக மடித்திருந்தன. அன்றே பொழுதுபடுகிற மஃரிபு நேரம், நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குள் எங்கள் ஊர் வழக்கப்படி அவரவர் சாமான் அவரவர் வீட்டுக்குப் போயிருந்தது. காலொடிந்த கட்டிலில் கிடத்தினார்கள். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இஞ்ச கிடந்த கட்டிலெல்லாம் எங்க?" என்றார். "வீட்டுக்குப் போயிட்டுது ஐயா" என்றார் பாக்கியரத்தினம். "நோயாளிகள்?" "மூட்டை தூக்கப் போயிட்டினம் ஐயா." அப்படியென்றால் அந்த வாயு மருந்தையாவது தா என்று அவர் முனக, நான் இஞ்சிச் சோடாவோடு போய் எல்லா உண்மையையும் சொல்லிவிட்டேன். பெண் பார்க்கிற வழக்கத்தையும் சொன்னேன், அலுமாரியையும் சொன்னேன், மார்கழியையும் சொன்னேன். அந்தச் சிரிக்காத மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நோவில் கத்தினார், மறுபடியும் சிரித்தார். அசனா கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளைப் பார்த்தபிறகு அவர் சிரிக்கவில்லை.

விடிந்ததும் அவரே கடைத்தெருவில் நடந்துபோய், நிறைந்து வழிகிற கடைகளையும் ஓடுகிற மெஷினையும் பார்த்துவிட்டு, எழுதியதைக் கிழித்துப் புதிதாக எழுதினார், எம்.பி. சொன்னதில் ஓர் எழுத்தும் பிழையில்லை என்று. அதைத் தந்தியாகவும் கொழும்புக்கு அடித்தார். வருமான வரி தன்னுடைய வேலையில்லை என்றும் சொன்னார், சோமசேகரம் அவருக்கு ஒரு வேட்டி கொடுக்கப்போய் ஏச்சு வாங்கினார். இன்று தந்தி வந்திருக்கிறது. டொக்டரும் மனைவியும் தாங்கள் தங்கப்போகிற வீட்டைப் பார்க்க அடுத்த கிழமை வருகிறார்களாம். பார்க்க வருகிறார்கள் என்று காதில் விழுந்ததுமே மாமி அலுமாரிக்கு ஆளனுப்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. அன்ஸாரிடம் நானே போய், "இந்த முறை திருப்பி எடுக்கிறேல்ல" என்று சொன்னேன். முறைத்தான். பிறகு எங்கள் வாசல் பக்கம் பார்த்தான், அங்கே அசனா இடுப்பில் கைவைத்துக்கொண்டு மெல்ல நடந்துகொண்டிருந்தாள். "கட்டிலும் ரெண்டு கிடக்கு சரீப் காக்கா, அதையும் கொண்டுபோங்க" என்றான்.