டேங்கில் விழுந்த சர்க்கரை

ஒரு வீட்டில் ஒருத்தனுக்கு மட்டும் இங்கிலீஷ் எழுத்து தெரிந்திருந்தால் அந்த வீட்டுக்கு ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஒருத்தன் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஜீப் ஓட்டப் போனவன். (எழுத்துதான் தெரியும். அது என்ன சொல்கிறது என்பது வேறு விஷயம்.)

அப்பா ஏலப்பாறைக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் ட்ராக்டர் டிரைவர். சரிவில் பறித்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு போய் ஃபேக்டரியில் இறக்குவது அவர் வேலை. பல வருஷமாகச் சுகர். ஒருமுறை டவுன் லேப்பில் ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட்டில் சுகர் எகிறியிருந்தது. ஆனால் அதற்குக் கீழே எச்.டி.எல். என்று ஒரு வரி. "இது நல்ல கொழுப்பு. உங்கப்பாவுக்கு நல்லாவே இருக்கு" என்றாள் லேப் பெண். ரத்தக் குழாயில் ஒட்டுகிற கொழுப்பை அது வாரிக்கொண்டு போய்விடுமாம். நெஞ்சுவலி வராமல் காக்குமாம்.

எனக்கு அது போதும். மேலே இருந்த வரியை மடித்தேன். கீழே இருந்த வரியோடு லயத்துக்கு, அதுதான் எங்கள் வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்தில் கறிக்கூறு. சில வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, வாழையிலையில் கூறு கூறாக வைத்துப் பிரித்துக்கொள்வோம். எலும்பும் ஈரலும் கொழுப்பும் எல்லாக் கூறிலும் சமமாக விழ வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆடு வரை சண்டை நடக்கும். நான் நடுவில் போய் நின்றேன்.

"கொழுப்பு வேண்டாங்கிறவுக எல்லாம் எங்க கூறுல போடுங்க. எங்கப்பாவுக்கு உள்ள நல்ல கொழுப்பு காவல் இருக்கு. எது போனாலும் வாரி வெளிய தள்ளிரும்."

"ஏலே, அப்ப சுகரு?" என்றார் கறி வெட்டிக்கொண்டிருந்த செல்லையா மாமா.

"சுகரு வேற டிபார்ட்மென்ட் மாமா." (சத்தியமாக இப்படித்தான் சொன்னேன்.)

லயமே சந்தோஷமாகக் கொழுப்பை எங்கள் இலைக்குத் தள்ளியது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எலெக்‌ஷனில் ஜெயித்தவர் மாதிரி நின்றார். "படிச்ச புள்ள சொல்லுதான், சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா சட்டியைத் தூக்கினாள். மற்றதையெல்லாம் நினைத்தால் சிரிப்பு வருகிறது. இதை நினைத்தால் மட்டும் வருவதில்லை.

அதன் பிறகு அப்பா மாத்திரையை நினைவு வந்தால் போட்டார். "நமக்குத்தான் காவல் இருக்கே" என்பார்.

கொஞ்ச நாளில், கொழுந்து எடை போடும் கொட்டகையில் மெடிக்கல் கேம்ப் வந்தது. நான் சும்மா நின்றிருக்கலாம். வரிசையில் இருந்தவர்களிடமெல்லாம், "சுகரை விடுங்க, நல்ல கொழுப்பு எவ்வளவுன்னு கேளுங்க" என்று இலவச வைத்தியம் பார்த்தேன். அப்பா முறை வந்ததும் எஸ்டேட் ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டி, கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி விளக்கினேன். சிஸ்டர் மலையாளி, எங்களோடு பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் மடித்திருந்த மடிப்பை விரித்தார்.

"மோனே, அச்சனுக்கு என்ன ஜோலி?"

"ட்ராக்டர் டிரைவர்."

"அப்போ கேளு. நல்ல கொழுப்புன்னு சொன்னா அச்சனோட ட்ராக்டர்தன்னே. அது கொழுந்தை ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும். இது கொழுப்பை ஈரலுக்குக் கொண்டுபோகும். இந்த நம்பர், ஷெட்டுல எத்தன ட்ராக்டர் நிக்குதுன்னு மட்டும் சொல்லும். ஓடுதான்னு சொல்லாது. சுகர் கூடினா நல்ல கொழுப்பு மேலயும் போய் ஒட்டும். பின்ன அது பழையபோல ஜோலி செய்யாது." அப்பாவைப் பார்த்தார். "சேட்டா, டேங்குல சக்கரையப் போட்டா என்னாகும்?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"ஃபில்டர் அடைச்சிரும் சிஸ்டர். வண்டி நின்னுரும்."

பின்னாலிருந்து செல்லையா மாமா குரல் கொடுத்தார்: "ஏலே டிபார்ட்மென்டு! எங்க கொழுப்பயெல்லாம் திருப்பித் தாலே!"

கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். ரிப்போர்ட்டால் முகத்தை மூடிக்கொண்டேன். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பா. வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டு, "விடுலே, நாந்தானே தின்னேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வேளை மாத்திரையைக்கூட விடவில்லை. இருந்தும் இந்த மழைக்காலத்தில், கொழுந்து லோடோடு இறங்கி வரும்போது, ஒரு வளைவில் ட்ராக்டரை ஓரங்கட்டினார். ஹேண்ட் பிரேக் போட்டார். அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். லோடை இறக்காமல் அவர் வண்டியை விட்டது அன்றைக்குத்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் சிஸ்டரைத் தேடிப் போனேன். "அன்னைக்குத் தின்ன கொழுப்பா சிஸ்டர்?"

"ஒரு ஞாயிறு ஆளைக் கொல்லாது மோனே. எத்தனையோ வருஷத்து சுகர்."

தலையாட்டினேன். பகலில் நம்புகிறேன்.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் பாயசத்தோடு செல்லையா மாமாவிடம் போனேன். அவர் இலையைக் கையால் மூடினார். "வேண்டாம்லே. டேங்க மூடிட்டேன்." பந்தி திகைத்தது. முதலில் சிரித்தது அம்மா. அப்பா போன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

இப்போதும் ஏற்றத்தில் என் ஜீப் திணறினால் பின்னாலிருந்து, "ஏலே டிபார்ட்மென்டு, யாருலே டேங்குல சக்கரையப் போட்டது?" என்று லயத்துப் பெண்கள் கத்துவார்கள். ஜீப்பே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்த வளைவு வந்ததும் யாரும் சொல்லாமலே பேச்சு நின்றுவிடும். நான் கியரை மாற்றுவேன். முன்சீட்டில் இருக்கும் செல்லையா மாமா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அதில்தான் அவருடைய சுகர் மாத்திரை இருக்கிறது.