தீப்பிடிக்காத சாகே

குடியைத் தொடாத ஒருவனைக் குடிகாரன் என்று எழுதி, என் தங்கையின் கல்யாணத்தை நிறுத்தியவன் நான். (நிறுத்தப் பார்த்தவர் என்று மனைவி திருத்துகிறாள். இல்லை, நான்கு மாதம் நின்றது.)

எண்பதுகளின் நடுவில் எஸ்பியர்க் என்ற ஐரோப்பியத் துறைமுக நகரில், ஒரு மீன் தொழிற்சாலையில் நானும் மன்னார் மரியதாசும் வேலை செய்தோம். ஒரே அறையில் இருந்தோம். அவன் மடு மாதாவுக்கு நேர்ந்து குடியை விட்டவன். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஊரில் இருந்த ஐயா தன் மகளை, என் தங்கையை, அவனுக்குக் கொடுக்கச் சம்மதித்தார்.

மீன்முட்டை வாங்க வந்த ஜப்பான்காரர் ஒருவர், மேற்பார்வையாளருக்குச் சாகே என்ற தங்கள் நாட்டு மதுவை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் போத்தலோடு மரியதாசிடம் தந்தார். அவன் அதை எனக்காக ஒரு மாதம் பொத்தி வைத்திருந்து, என் பிறந்தநாளில் நீட்டினான்.

குடித்தேன். கஞ்சித் தெளிவு மாதிரி இருந்தது. தொண்டை எரியவே இல்லை. சாராயத்தை நாங்கள் சோதிக்கிற விதம் ஒன்றுதான். கரண்டியில் விட்டு நெருப்புக் காட்டினால் நீலமாகப் பற்றவேண்டும். ஆறு தீக்குச்சி முடிந்தது. பற்றவில்லை.

"குடிச்சுப்போட்டுத் தண்ணி கலந்திருக்கிறாய், என்ன?"

"மாதா ஆணையா மூடியைக்கூடத் திறக்கேல்லை மச்சான்."

"அப்ப ஏன் பத்தேல்லை?"

"அதை ஜப்பான்காரனிட்டைப் போய்க் கேள்!"

நான் ஐயாவுக்கு எழுதினேன். கல்யாணப் பேச்சு நின்றது. மரியதாஸ் என்னோடு கதைப்பதை விட்டான். எனக்கும் சேர்த்துச் சோறு வைப்பதை மட்டும் விடவில்லை.

அடுத்த முறை ஜப்பான்காரர் வந்து, சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் புதுப் போத்தலின் முத்திரையை உடைத்தார். நான் சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுத்தேன். அதில் ஊற்றிய சாகேயும் பற்றவில்லை. எங்கள் நாட்டுப் பிரார்த்தனை என்று நினைத்தாரோ என்னவோ, அவர் எழுந்து நின்று குனிந்து வணங்கினார். மேற்பார்வையாளர் கண்ணீர் வரச் சிரித்தார்.

"அது வைன் மாதிரி, அரிசியைப் புளிக்க வைச்சுச் செய்யிறது. அதில எப்பிடி நெருப்புப் பிடிக்கும்?" என்றார் மேற்பார்வையாளர்.

"மன்னிச்சுக்கொள் மச்சான்" என்றேன்.

"என்னட்டை ஏன் சொல்லுறாய்? உன்ரை ஐயாவுக்கு எழுது" என்றான் மரியதாஸ்.

நான்கு பக்கம் எழுதினேன். ஐயாவின் பதில் மூன்று வரி: "மரியதாஸ் குடிகாரன் என்று முதற்கடிதம். அவன் போத்தலைத் தொடவே இல்லை என்று இரண்டாம் கடிதம். இரண்டையும் எழுதியவன் எந்த நிலையில் இருந்தான் என்பது விளங்குகிறது."

தங்கையின் கல்யாணம் நடந்தது. என்னுடையதுதான் நடக்கவில்லை. ஐயா நேர்மையானவர், எனக்குச் சம்பந்தம் பேச வந்த ஒவ்வொரு வீட்டாரிடமும் "பெடியன் கொஞ்சம் குடிப்பான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் பெண் கிடைத்தது.

இன்றும் மரியதாஸ் வீட்டு விருந்துகளில் எல்லோருக்கும் கிளாஸ் வரும். எனக்கு மட்டும் தோடம்பழச் சாறு. விருந்தாளி யாராவது போத்தலோடு என் பக்கம் திரும்பினால், அவன் பதறிக் கை நீட்டித் தடுப்பான்:

"மச்சானுக்கு ஊத்தாதேங்கோ. பாவம், மனுசன் எவ்வளவு கஷ்டப்பட்டு விட்டவர்!"