உகண்டாவுக்குப் போன சமையல்காரர்

நல்லையா ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். உகண்டாவுக்கு விமானம் ஏறும்வரை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழும்புவதில்லை. கலாராணி சமைப்பாள், அவர் சாப்பிடுவார். தெமோதரைக்கு மேலே உள்ள தோட்டத்துத் தேயிலை ஸ்டோர் என்ற ஆலையில் பாதி ஆயுசை மெஷின்களோடு மல்லுக்கட்டியே கழித்தவர். இனி உகண்டாவில் இன்னொரு ஸ்டோரில் போய் மல்லுக்கட்ட வேண்டும். நடுவில் கிடைத்த இந்த ஒரு மாதம் அவருக்கும் அவர் வயிற்றுக்கும் மட்டுமே சொந்தம்.

அந்த வயிறுதான் வில்லங்கம். முன்பு ஒருமுறை கொழும்பில் சில மாதம் வேலை பார்த்தவர், கடைச் சாப்பாட்டில் வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டு, இடுப்பில் சாரம் நிற்காத அளவுக்கு மெலிந்து திரும்பினார். சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாத மனுஷன். உகண்டா என்றதும் கலாராணி வேறெதுவும் கேட்கவில்லை.

"அங்க யாருங்க சமைப்பா?"

"கம்பெனியில சமையக்காரர் இருக்காரு புள்ள."

"இல்லாட்டி நான் விடமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"இருக்காருன்னு சொல்றேன்ல. முஹம்மது நானா. நம்ம பதுளைக்காரரு."

அப்படி ஒரு ஆள் உகண்டாவிலும் இல்லை, பதுளையிலும் இல்லை. அங்கே அவரவர் பொங்கித்தான் அவரவர் சாப்பிட வேண்டும். ஆனால் பொய்க்கு ஒரு பேர் வைத்துவிட்டால் அது சும்மா இருக்குமா? வளர ஆரம்பித்துவிட்டது. கலாராணி கேட்கக் கேட்க, முஹம்மது நானா ரசம் வைத்தார், அப்பம் சுட்டார், வயிற்றுப் புண்காரர்களுக்கென்று மிளகாய் போடாமலே குழம்பு வைத்தார். அந்த வார முடிவில் முறுக்கே பிழிந்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த கலாராணி, "நல்ல மனுஷன் போல" என்று சொல்லிவிட்டு, பெட்டி வாங்கப் பதுளைக்கு பஸ் ஏறினாள்.

பெட்டியோடு திரும்பி வந்தவளின் வலது மணிக்கட்டில் துணிக்கட்டு இருந்தது.

"என்ன புள்ள இது?"

"பஸ்ஸுல கம்பிய புடிச்சேன். சுளுக்கிருச்சு. நம்ம இராக்கம்மா அக்காதான் எண்ண போட்டுக் கட்டுனாங்க."

பக்கத்துக் காம்பரா வீட்டு இராக்கம்மாதான் அந்த லய வரிசை வீடுகளுக்கே சுளுக்கு எடுப்பவள். பின்னாலேயே வந்து தீர்ப்பும் சொன்னாள்.

"தம்பி, ஒரு மாசத்துக்கு இந்தக் கையால கரண்டி புடிக்கக்கூடாது."

"அது என்னக்கா, கரண்டின்னு குறிப்பா?"

"கரண்டிக்குப் போற நரம்பு அது."

நல்லையாவுக்கு மெஷினின் நட்டு தெரியும், நரம்பு தெரியாது. கலாராணி பக்கம் திரும்பினார்.

"மகள கூப்புடுவமா புள்ள?"

"லுணுகலையில கைக்குழந்தையோட கெடக்குறா. அவள எப்புடிங்க? நீங்கதான் இருக்கீங்களே."

உட்கார்ந்தே இருப்பது என்ற தீர்மானம் அன்றைக்கே எழும்பி நின்றது. நல்லையா அடுப்படிக்குள் போனார். கலாராணி வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"வெங்காயம் எவ்வளவு வதங்கணும்?"

"ஸ்டோருல கொழுந்து எப்புடி வாடும்? அப்புடி. பச்ச வாசம் போகணும், மொறுமொறுப்பாகக் கூடாது."

"ரொட்டி மாவு?"

"கொழுந்த ரோலர் அழுத்துமே, அப்புடி அழுத்திப் பெசைங்க."

"அடுப்பு?"

"ஸ்டோரு ட்ரையர்னு நெனச்சுக்குங்க. சூடு கூடுனா யாருக்கு ஏச்சு விழும்?"

"எனக்குத்தான்."

"அப்ப வெறக உருவுங்க."

முதல் ரொட்டியைக் கூரைத் தகரத்தின் ஓட்டைக்கு வைத்து அடைத்திருக்கலாம். முதல் பருப்பில் உப்பும் இல்லை, மிளகாயும் இல்லை. ஆனாலும் கை கட்டியிருப்பவள் எப்படிச் சாப்பிடுவாள்? நல்லையாவே பிசைந்து ஊட்டினார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் அவளுக்கு ஊட்டியது அதுதான் முதல் தடவை. கலாராணியின் கண் கலங்கிவிட்டது.

"என்ன புள்ள, உறைக்குதா?"

"ஆமாங்க. உறைப்புத்தான்."

மிளகாயே போடாத பருப்பு எப்படி உறைக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தன் வயிற்றையே மறந்துபோனார். அவள் கைக் கோழிக் குழம்பைத் தின்றுவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்றிருந்த ஆசை மட்டும் ஓர் ஓரத்தில் கிடந்தது. பாவம், சுளுக்கு விழுந்த கை, என்ன செய்வது?

மாதக் கடைசியில் பருப்பு, சம்பல், கருவாட்டுக் குழம்பு எல்லாம் அவருக்கு அத்துப்படி. ரொட்டி பூப்போல வந்தது. இராக்கம்மாகூட அடிக்கடி சுகம் விசாரிக்க வந்தாள், அதுவும் சரியாக ரொட்டி சுடுகிற நேரத்தில்.

போகிற நாளும் வந்தது. தெமோதரை ஸ்டேஷனில் ரயில் நின்றதும் நல்லையா பெட்டியைத் தூக்கக் குனிந்தார். அதற்குள் கலாராணி அதை வலது கையாலேயே தூக்கி, படிக்கு மேலே வைத்துவிட்டாள்.

"புள்ள... கை?"

கலாராணி நிதானமாகக் கட்டை அவிழ்த்து, துணியை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"பெட்டி வாங்கப் போன அன்னைக்கே கடைக்கார ஜஸீல் நானா சொல்லிட்டாரு. அவரு தம்பியும் அந்த உகண்டா கம்பெனியிலதானாமே. அவங்கவங்கதான் பொங்கித் திங்கணுமாம்."

நல்லையாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"சமைக்கப் பழகுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பழகுவீங்களா? ஒங்க வயித்துக்குன்னா அடுப்பு பக்கமே வரமாட்டீங்க. எனக்குன்னா வருவீங்க. அது தெரியாதா எனக்கு?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு பார்சலை அவர் கையில் வைத்தாள். "முஹம்மது நானா இப்ப நல்லா சமைக்கிறாரு. பயப்படாம போயிட்டு வாங்க."

ரயில் நகர்ந்தது. அவள் உருவம் மறையும்வரை நல்லையா கதவைவிட்டு அசையவில்லை. அழுதார். மறைக்கவும் இல்லை.

ஒன்பது வளைவுப் பாலத்தில் சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் ரயிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது பார்சலைப் பிரித்தார். கோழிக் குழம்பு. அவள் கைக் குழம்பேதான், இராக்கம்மா வீட்டு அடுப்பில் வைத்திருக்க வேண்டும். மாதம் முழுக்க ஏங்கிய வாசம். கூடவே ரொட்டி. அதைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. ஓரம் கொஞ்சம் கோணியிருந்தது. விடிய எழும்பி அவரே சுட்டு அடுக்கிய ரொட்டி அல்லவா?

ஃபோனை எடுத்தார்.

"புள்ள, குழம்பு ஒன்னோடது, சரி. ரொட்டி என்னோடதுல்ல?"

"ஆமாங்க. ரொட்டிக்கு இப்ப ஒங்க கைதான் நல்லாருக்கு."

"அப்ப நான் திரும்பி வந்தா?"

"வந்தாலும் நீங்கதான் சுடணும். அதுவரைக்கும் நான் ரொட்டி திங்கமாட்டேன், வெரசா வந்துருங்க."