பதிவில்லாத விருந்தாளிகள்

அதிகாரம் உள்ளவனிடமிருந்து கூடத் தப்பித்துவிடலாம். குறை கண்டுபிடிப்பதையே வேலையாகப் பெற்றவனிடமிருந்து தப்பிப்பது கஷ்டம். ஜப்பான்காரன் காலத்தில், மலாக்காவில் காஜா பெராங் என்ற பகுதியில், அப்படி ஒருவன் இருந்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது நான்தான்.

அப்போது ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு காவல் குழு உண்டு. தெருவில் புது ஆள் யார் வந்தாலும் குழுவிடம் பதிய வேண்டும். பதியாத ஆள் ஒரு வீட்டில் அகப்பட்டால், அவன் காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவன் என்றுதான் அர்த்தம். அவனுக்குச் சோறு போட்டவனையும் பிடித்துக்கொண்டு போவார்கள், திரும்பி வரமாட்டான். எங்கள் தெருக் குழுவின் தலைவர் பிள்ளை. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட மலாக்கா செட்டி வகுப்பைச் சேர்ந்தவர். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும்.

குழுக்காரர்கள் கோழி திருடுகிறார்கள் என்று எங்கோ பேச்சுக் கிளம்பியதும், புதிதாக வந்த ஜப்பானிய அதிகாரி ஓர் ஏற்பாடு செய்தார். பொதுமக்களில் ஒருவர் குழுவைக் கண்காணிக்க வேண்டும், மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னிலையிலும் குறைகளைச் சொல்ல வேண்டும். யாரும் முன்வரவில்லை. (அவர்களுக்கெல்லாம் மூளை இருந்தது.) தோட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த நான் கையைத் தூக்கினேன். கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை தந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு குளிக்கக்கூடப் போயிருக்கிறேன்.

முதல் கூட்டம் போகிக்கு அமைந்தது. பொழுது சாய்கிற நேரம். கூட்டம் நடக்கிற திடலுக்குப் போகிற வழியில் பிள்ளை வீட்டைக் கடந்தேன். அந்த நேரத்தில் அவர் கூட்டத்தில் இருக்க வேண்டியவர். ஆனால் வாசலில், சாத்திய கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மகளோடும் தம்பி குடும்பத்தோடும் நின்றுகொண்டிருந்தார். குழந்தைகள்கூட அசையவில்லை.

"என்ன மாமா, கூட்டத்துக்கு வரலயா?"

மகள் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். ஆனாலும் கையில் பட்டை இருக்கிறதே. பக்கவாட்டுக்குப் போய் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன்.

உள்ளே வரிசையாக வாழையிலைகள். நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு உப்பிக் கிடந்த காலம் அது. இலைகளில் வெள்ளைச் சோறு, மீன் குழம்பு, பலகாரம். பக்கத்தில் காப்பிக் கோப்பைகள், சுருட்டு, மடித்து வைத்த சாரோங் கைலி. சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்றவர்களை விட இலைகள் அதிகம். உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் இல்லை. காற்றே இல்லாத அறையில் உள்கட்டுத் திரை மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

எங்கள் தோட்டத்துப் படையல் எனக்குத் தெரியும். ஒரே ஓர் இலை. ஊதுபத்தி அணைவதற்குள் எங்கள் சித்தப்பா கறியில் கை வைத்துவிடுவார். செத்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று உயிரோடு இருப்பவர்கள் வீட்டையே காலி செய்துகொடுப்பதை நான் கண்டதில்லை. அதனால் திரைக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அப்போதுகூட நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். திடலுக்குப் போனேன்.

அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொன்னார். "குழுத் தலைவர் எங்கே?"

நான் எழுந்தேன். "வீட்டில் இருக்கிறார். பதிவில்லாத ஆட்களுக்குச் சாப்பாடு போடுகிறார்." சொல்லி முடிக்கும்வரை பெருமையாகத்தான் இருந்தது. பிறகு என் பக்கத்தில் நின்றவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். நான் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

துப்பாக்கிக்காரர்கள் முன்னே போக, அதிகாரியின் பின்னால் என்னையும் நடத்திக்கொண்டு போனார்கள். பிள்ளை வீட்டார் அதே இடத்தில் அப்படியே நின்றார்கள்.

"உள்ளே எத்தனை பேர்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"தெரியாது, துவான். கூப்பிட்டவங்க எல்லாரும் வந்திருப்பாங்க," என்றார் பிள்ளை, தணிந்த மலாயில்.

"பெயர்?"

பிள்ளை தம் அப்பா பெயரைச் சொன்னார். அம்மா பெயர், பாட்டன் பெயர், பிறகு மனைவியின் பெயர். அதில் மட்டும் குரல் உடைந்தது.

"எங்கே குடியிருக்கிறார்கள்?"

"மயானத்துல."

மொழிபெயர்ப்பாளர் அதை ஜப்பானிய மொழியில் சொல்லத் திணறினார். துப்பாக்கிக்காரன் ஒருவன் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டான். அதிகாரியே போய்த் தள்ளினார்.

ஒருவரும் இல்லை. திரையை விலக்கினால், சாமி மாடமும் மாலை போட்ட படங்களும். விளக்கு ஆடாமல் எரிந்தது. ஒன்று சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். ஜன்னல் வழியாக நான் பார்த்தபோது காப்பிக் கோப்பைகள் எல்லாம் ததும்பி நின்றன. இப்போது ஒன்று பாதிதான் இருந்தது.

அதிகாரி காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினார். கடைசி இலையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"அது எங்க ஆளுங்களுக்கு இல்ல," என்றார் பிள்ளை. "எங்கேயோ செத்து, இலை போட ஆள் இல்லாம போனவங்களுக்கு."

மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கேட்டு, அதிகாரி அந்த இலையின் முன்னால் போய் நின்றார். பிறகு இடுப்பை வளைத்து அதை வணங்கினார். வெளியே வந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு, என்னிடம் வந்து, கன்னத்தில் விட்டார் பாருங்கள் ஓர் அறை. காதில் மலாக்கா நீரிணை முழுவதும் இரைந்தது. அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் பயபக்தியோடு எனக்குச் சொன்னார்: "சாப்பிடுகிறவர்களை ஏன் தொந்தரவு செய்தாய் என்று கேட்கிறார்." பட்டையையும் கழற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் குனிந்து என் தோளைத் தொட்டு, "அவங்க சாப்பிட்டாச்சு. இனி நாம சாப்பிடலாம், வா," என்றார். மாதக்கணக்கில் பிடி பிடியாக ஒதுக்கிச் சேர்த்த அரிசி அது. வீங்கின கன்னத்தோடு வெட்கமில்லாமல் தின்றேன். பரிமாற வந்த மகள் கரண்டியை நீட்டிக் கேட்டாள்: "இன்னும் வேணுமா? இல்ல, இதையும் போய்ச் சொல்லணுமா?"

அவளைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். மற்ற மாப்பிள்ளைகள் பழத்தட்டோடு பெண் பார்க்க வருவார்கள், இவர் துப்பாக்கியோடு வந்தார் என்று இன்றும் எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்த அதிகாரியைச் சில மாதங்களில் வேறு எங்கோ அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பினாரா, கடலில் போனாரா, யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு போகிக்கும் கதவைச் சாத்துமுன் என் மனைவி கடைசி இலைப் பக்கம் ஒரு சிகரெட் வைக்கிறாள். "உங்கள அறைஞ்சவருக்கு," என்கிறாள். பேரப்பிள்ளைகள் என் கன்னத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் கதவைச் சாத்துவாள். நாங்கள் எல்லாரும் திரும்பி நின்றுகொள்வோம்.